படகெல்லாம் கரையில் இருக்கும் நாள்

அம்மா, இன்று காலையில் துணி துவைக்கும் மிஷினுக்கு நேர் மேலே கூரை ஒழுகத் தொடங்கியது. மூடுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று பரணில் கைவிட்டுத் துழாவினேன். பழைய பாத்திர மூட்டைக்கு அடியிலிருந்து அந்த நீலத் தார்ப்பாய்த் துண்டு வந்தது. நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அது மேலும் கிழியாமலிருக்க நீ கோணி ஊசியால் சுற்றிலும் போட்ட தையல். உதறியபோது மடிப்பிலிருந்து கொஞ்சம் மணல் தரையில் கொட்டியது. கூடவே அந்த வாசம். உப்பும் சேறும் நாள்பட்ட ஈரமும் கலந்த ஏரிக்கரை வாசம். இத்தனை காலம் பரணில் கிடந்தும் அது போகவில்லை.

மிஷின் நனைந்துகொண்டிருந்தது. நான் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. உன் மருமகன் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். உன் பேத்தி பவித்ரா காலேஜுக்குப் போய்விட்டாள். வெளியே மழை நின்று நிதானமாகப் பெய்தது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மழை வந்தால் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப் போடுகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். மழை வராதா என்று காத்திருந்து, வந்த பிறகு மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர்கள் நாம் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதைத் தொடங்கி வைத்தவள் பவித்ராதான். அவளோடு ஏழாவது படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய்ப் படகில் ஏறிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக உன்னிடம் வந்தாள். நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். "அது நம்ம ஊருதானே ஆயா? நாம மட்டும் ஏன் போறதே இல்ல?" என்று கேட்டாள். நீ கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அடுப்பங்கரையிலிருந்து அவளை அதட்டி வேறு வேலைக்கு அனுப்பினேன்.

நம் வீட்டில் அந்த ஊரின் பெயரைச் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. நைனா கடலோடு போனபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி முருகன் உன் இடுப்பில் இருந்தான். அன்றைக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் திட்டுப் போட்டிருந்த இடத்தில் ஒரு அலை படகைத் தூக்கிக் கவிழ்த்தது. கூடப் போன இரண்டு பேரைப் பின்னால் வந்த படகுக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். நைனா கிடைக்கவில்லை. அன்றைக்கும் கிடைக்கவில்லை, அதற்கப்புறமும் கிடைக்கவில்லை. குப்பத்துப் படகெல்லாம் தேடிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நீ கரையிலேயே நின்றாய். நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகமிருக்கிறது. யாரோ என்னைச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோதும் நீ அதே இடத்தில்தான் நின்றாய். பல நாள் அப்படிப் போயிற்று.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காரியம் செய்துவிடலாம் என்றார்கள். உடம்பைப் பார்க்காமல் எப்படிச் செய்வது என்று நீ கேட்டாய். செய்தார்கள். அது முடிந்ததும் மாமா வந்து நம் மூன்று பேரையும் மீஞ்சூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அரிசி ஆலைக் களத்தில் நெல் கிளறுகிற வேலை உனக்குக் கிடைத்தது. பழவேற்காட்டில் நம் குப்பமான கோட்டைக்குப்பத்துக்கு நீ அதற்கப்புறம் போகவே இல்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கு அழைத்தாலும் என்னையும் முருகனையும்தான் அனுப்புவாய். ஒருமுறை மார்க்கெட் தெருவில் கூடை வைத்திருந்த ஒரு மீன்காரம்மா உன்னை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீ திரும்பிப் பார்க்காமல் பக்கத்து மருந்துக் கடைக்குள் நுழைந்துவிட்டாய். ஒன்றும் வாங்காமல், அவள் போகிறவரை கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன் பின்னாலேயேதான் நின்றிருந்தேன்.

அதனால் பவித்ரா கேட்ட அன்று நீ எதுவும் பேசமாட்டாய் என்றுதான் நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது நீயாகவே சொன்னாய்.

"போலாம்டி. ஆனா ஒண்ணு. மழையா இருக்கணும்."

எனக்குப் புரியவில்லை. மழையில் போய் என்ன பார்ப்பது என்றேன்.

"நல்ல மழ. பொயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா ஒருத்தனும் கடலுக்குப் போவமாட்டான். படகெல்லாம் கரைல கெடக்கும். அன்னிக்கின்னா நான் வரேன்."

தட்டில் சோறு போட்டேன்.

உன் மருமகன் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். மழையில் கடற்கரைக்குப் போவதற்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், எப்போது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லு என்றார். அதைத்தான் சொல்ல முடியாது என்றேன். தண்டையார்பேட்டையிலிருந்த முருகனுக்குப் போன் போட்டேன். "அம்மாவே கேட்டுச்சா?" என்றான். ஆமாம் என்றேன். எப்போது என்றாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அப்புறம் நீ போட்ட திட்டம் இருக்கிறதே, ஒரு கல்யாண வீட்டு ஏற்பாடு போலிருந்தது. குடை வேண்டாம் என்றாய், கடலோரக் காற்றில் குடை நிற்காது. ஆலையில் நெல் மூடிக் கிழிந்துபோன தார்ப்பாயைக் கேட்டு வாங்கி வந்து ஆளுக்கொன்றாக வெட்டினாய். நீ, நான், உன் மருமகன், பவித்ரா, முருகன். முருகன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு இருந்ததால் அவள் வரமாட்டாள் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டாய். வேன் வேண்டாம், பஸ்தான், திருப்பாலைவனத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கும், பஸ்ஸுதான் உசரம் என்றாய். அங்கே போய் மீன் வாங்கித் தின்னலாம் என்று உன் மருமகன் ஆசைப்பட்டபோது, மழை நாளில் கடையில் இருப்பது பழைய மீன், புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம் என்றாய். பல வருஷமாகக் கால் வைக்காத ஊரைப் பற்றி நேற்று போய்விட்டு வந்தவள் போல நீ பேசினாய்.

என்னென்ன பார்ப்பது என்பதையும் நீதான் வரிசைப்படுத்தினாய். முதலில் டச்சுக்காரர் கல்லறை, அப்புறம் பாலம், அதைத் தாண்டி லைட் ஹவுஸ். படகுச் சவாரி கிடையாது. பவித்ரா முகத்தைத் தொங்கப் போட்டாள், நீ இறங்கி வரவில்லை. எல்லாம் முடிந்து கடைசியாகக் கோட்டைக்குப்பம். கடைசியாகத்தான் வைத்தாய்.

ஆனால் மழை நமக்குத் தகுந்தபடி வரவில்லை. முதல் தடவை டிவியில் எச்சரிக்கை சொன்னார்கள். விடிகிறதற்கு முன் எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டினாய். விடிந்தது, வெயில் வந்துவிட்டது. அந்தச் சோற்றை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டவர்களுக்கு வேண்டுதல் என்றாய். இன்னொரு தடவை மழை நிஜமாகவே கொட்டியது. முருகனுக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. நாம் மட்டும் போகலாமா என்று கேட்டேன். "அவனும் அங்கதானே பொறந்தான்" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாய்களை மடித்து உள்ளே வைத்தாய். அந்த வருஷம் அப்படியே போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் மழையே இல்லை. போனில் மேகப் படம் பார்ப்பது எப்படி என்று பவித்ராவிடம் கற்றுக்கொண்டாய். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "இது ஒடிசா பக்கம் போவுதாம்" என்று ஏதோ நம் வீட்டுக்கு வரவேண்டிய விருந்தாளி வேறு வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி சொல்வாய். எனக்குச் சிரிப்பு வரும்.

கார்த்திகையில் ஒரு நாள் எல்லாம் கூடி வந்தது. முந்தின சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். முருகன் கடைசி ரயிலைப் பிடித்து வந்துவிட்டான். கரைக்குத் திரும்பச் சொல்லிப் படகுகளுக்கு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ அதை டிவியில் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாய்.

பொன்னேரியில் பஸ் மாறினோம். எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்ததால் பஸ்ஸுக்குள் இருட்டாக இருந்தது. நீ மட்டும் உன் பக்கத்து ஷட்டரை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாய், பவித்ராவுக்குச் சொல்வதுபோல. திருப்பாலைவனம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீரும் முள்ளுக்காடும்தான். அங்கே பேச்சை நிறுத்திவிட்டாய். ஷட்டரைப் பிடித்த உன் கையில் மழைத் தண்ணீர் வழிந்து முழங்கைக்கு வந்தது. நீ துடைத்துக்கொள்ளவில்லை.

பழவேற்காட்டில் இறங்கியபோது தெருவில் ஆளே இல்லை. கல்லறைத் தோட்டத்தின் கேட் பூட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நனைந்து கறுத்திருந்தன. பவித்ரா அவற்றைக் காட்டி முருகனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நீ எதிரில் டீக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றாய். டீக்கடைக்காரர் உன்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தார்ப்பாயைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாய். ஆனால் அவருக்கு உன்னைத் தெரியவில்லை, டீயைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அதில் உனக்கு நிம்மதியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. டீயைப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தாய்.

"லைட் ஹவுஸெல்லாம் அப்பால பாத்துக்கலாம். மொதல்ல அங்க போயிடலாம்" என்றாய்.

கோட்டைக்குப்பத்துக்கு நடந்தே போனோம். நீ முன்னால் போனாய். வீடுகள் மாறியிருந்தன, ஓட்டு வீடெல்லாம் தளம் போட்ட வீடாகியிருந்தது. நீ எதையும் நின்று பார்க்கவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போய் நின்றாய். படகுகள் வரிசையாக இருந்தன. சிலவற்றை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள், சில கயிற்றில் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தன. வலைகளை மூடி வைத்திருந்தார்கள். மழையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நீ முதல் படகின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாய். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. ஒன்று விடாமல் தொட்டுக்கொண்டே நடந்தாய். முருகன் உன் பின்னால் போகப் பார்த்தான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு இடத்தில் நீ திரும்பி எங்களைப் பார்த்தாய். உன் முகம் அப்படி இறுக்கம் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை. "எல்லாம் இருக்குதுடி" என்றாய்.

அப்போதுதான் உன் மருமகன் என் தோளைத் தொட்டார். அவர் எங்களுக்கு முன்பே கரையின் கடைசிக்குப் போயிருந்தார். அங்கே மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒரு படகு வரவில்லையாம். எச்சரிக்கை சொல்வதற்கு முன்பே போன படகு, மூன்று பேர். போன் கிடைக்கவில்லை. முகத்துவாரத்தில் அலை ஏறி அடிப்பதால் இங்கிருந்து தேடிப் போகவும் முடியவில்லை. போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பளைகள் சில பேர் முகத்துவாரத்துப் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், தெரிந்தால் போன் பண்ணுவார்கள் என்று மெதுவாக என்னிடம் சொன்னார்.

உன்னை எப்படி அங்கிருந்து கிளப்புவது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. மழை அதிகமாகிறது, போய்விடலாம் என்று வந்து சொன்னேன். ஆனால் நீ அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டாய். யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் கரையில் அப்படி நின்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

"எந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டாய்.

எல்லோருக்கும் முன்னால், தண்ணீர் காலை நனைக்கிற இடத்தில் அவள் நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள், அதுவும் தொப்பலாக நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. நீ போய் உன் தார்ப்பாயைக் கழற்றி அவள் தலைவழியாக மாட்டிவிட்டாய். அவள் யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். எதிரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய், அவ்வளவுதான்.

நேரம் போயிற்று. ஒரு வீட்டு அம்மா பவித்ராவை உள்ளே கூட்டிப்போய்த் தலை துவட்டிவிட்டு உட்கார வைத்தாள். நீ திரும்பாமலேயே என்னிடம், சோற்றை எடுத்து எல்லோருக்கும் கொடு என்றாய். நாம் நம் சந்தோஷத்துக்குக் கட்டிக்கொண்டு போன சோற்றை அந்தப் பெண்கள் மழையில் நின்றபடியே கையில் வாங்கித் தின்றார்கள். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். நீ ஒரு கவளம் உருட்டி அவள் வாய்க்கிட்டே கொண்டுபோனாய். "துன்னும்மா. இன்னும் நிக்கணும் இல்ல" என்றாய். அவள் வாயைத் திறந்தாள்.

உன்னை அப்போதுதான் ஒரு கிழவி கண்டுகொண்டாள். மாரி பெண்டாட்டிதானே நீ, என்று கிட்டே வந்து பார்த்தாள். நைனா பெயரை அந்தக் கரையில் நான் கேட்டது அவ்வளவு காலத்துக்கு அப்புறம் அன்றுதான். கூட்டத்துக்குள் பேச்சு பரவுவது தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அந்தம்மாவ கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் கேட்டார்கள். யாரும் அதட்டவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, பயந்து போயிருந்தார்கள். முருகன் முகம் சிவந்து அந்தப் பக்கம் திரும்பினான். நீ அவனைக் கண்ணாலேயே நிறுத்தினாய். அப்புறம் குனிந்த தலையோடு ஒரு அடி பின்னால் வைத்தாய். உன்னால் இன்னொரு அடி வைக்க முடியவில்லை. அந்தப் பெண் உன் கையைப் பிடித்திருந்தாள். உன்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ அவளிடம் மெதுவாக, "நான் யாருன்னு தெரியுமா உனுக்கு?" என்றாய். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினாள். கையை விடவில்லை.

போன் வந்தபோது சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. கொட்டகையில் நின்ற ஒருவர் கையைத் தூக்கிக் கத்தினார். இன்ஜின் நின்றுபோய் வடக்கே ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். வேறொரு பெரிய படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டார்கள், மூன்று பேரும் இருக்கிறார்கள். பெண்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. படகைக் கண்ணால் பார்க்கிறவரை உன் கையையும் விடவில்லை.

மழைக்குள்ளிருந்து முதலில் இழுத்து வருகிற படகு தெரிந்தது, அப்புறம் பின்னாலிருந்ததும் தெரிந்தது. கரை வருவதற்கு முன்பே ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். அவள் உன் கையை உதறிவிட்டு இறங்கினாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளங்கையால் அவன் நெஞ்சில் ஓங்கி அறைந்தாள். இருக்கியா செத்தியான்னு ஒரு வார்த்த சொல்ல நாதியில்லையா உனுக்கு, புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது, உன் ஆத்தாகாரிக்கு இன்னா பதில் சொல்றது, இன்ஜினு கெட்டதுன்னு போன வாரமே நான் சொன்னனா இல்லியா என்று மூச்சு விடாமல் திட்டினாள். இங்கே எழுத முடியாத வார்த்தைகளும் இருந்தன. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்றான். திட்டி முடித்ததும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. உன் தார்ப்பாய் அவள் தோளிலேயே போயிற்று.

நீ அவர்கள் போன சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாய். முருகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். உன் உடம்பில் கனமே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. முருகனும் மற்றவர்களும் பின்னால் உட்கார்ந்தார்கள். பவித்ரா அவள் அப்பா மடியில் தூங்கிவிட்டாள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். முந்தானையைப் பிழிந்துவிட்டாய். கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்லா திட்டினா இல்ல?" என்றாய்.

ஆமாம் என்றேன்.

"நான்கூட வெச்சிருந்தேன்டி. கரைல நிக்கறப்போ ஒண்ணொண்ணா சேத்து வெச்சேன். வந்து நின்னாருன்னா இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு. நாள் போவப் போவ பெருசா ஆயிட்ச்சு. அதுக்கப்பறம் யார்கிட்ட போய் சொல்றது?"

நான் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். என்னிடம் சொல்லும்மா என்றேன். நீ முன்னும் பின்னும் பார்த்தாய். அப்புறம் என் காதுக்கிட்டே குனிந்து சொல்லத் தொடங்கினாய். ஷட்டர் மேல் மழை விழுந்த சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மெல்லிய குரல்தான், ஆனால் அந்தப் பெண் திட்டின அதே வேகம். ஒரு வார்த்தைகூடத் தேடவில்லை. நைனா வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன செருப்பைப் பற்றி இருந்தது. கூரை மாற்றுகிறேன் என்று சொல்லி மாற்றாததைப் பற்றி இருந்தது. என்னைப் பற்றியும், இடுப்பிலிருந்த முருகனைப் பற்றியும் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீயும் சிரித்தாய், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். பொன்னேரி வருகிறவரை அது முடியவில்லை. முடிந்ததும், "அவ்ளோதான்" என்றாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பவித்ரா எதுவும் சாப்பிட்டாளா என்று கேட்டாய்.

அடுத்த கோடையில் நீ போய்விட்டாய். வெயில் தாங்காமல் மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மீஞ்சூரிலேயே எல்லாவற்றையும் முடித்தோம். சாம்பலை முகத்துவாரத்தில் கரைக்கலாமா என்று முருகன் கேட்டான். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள், நைனாவோடு சேர்ந்துவிடுவாய் என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தண்ணீருக்கு நம் வீட்டிலிருந்து ஒருத்தர் போனது போதும் என்றேன். முருகன் அழுதான். நான் சொன்னது சரியா என்று உன்னைக் கேட்க வழியில்லை.

பஸ்ஸில் நீ என் காதில் என்ன சொல்லிக்கொண்டு வந்தாய் என்று முருகன் அப்புறம் பல தடவை கேட்டுவிட்டான். பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். நான் சொல்லவில்லை. நைனாவுக்கென்று நீ வைத்திருந்ததை அவனுக்கு எப்படிச் சொல்வது? பாத்திரம் தேய்க்கும்போது சில நாள் அதை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். வரிசை மாறக்கூடாது என்று ஒரு பயம். இரண்டு இடத்தில் வார்த்தை தடுமாறுகிறது. உன்னைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாய்.

நீ போயிருக்கிற இடத்தில் அவரைப் பார்த்திருந்தால் இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருப்பாய். பார்க்கவில்லையென்றால் அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது அம்மா. "இவ்ளோ நேரமா உனுக்கு?" என்றுதான் ஆரம்பிக்கும்.